ஒரு படிகூடத் தவறாத கதாநாயகி

பிள்ளைகளே, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஐந்து பேரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே வந்தேன், ஒரு நிமிஷம் நின்று பார்த்தேன், டி.வி.யை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். என் மகள் பின்னாலேயே வந்து கத்தினாள். "என்னப்பா நீங்க? கடைசிப் பத்து நிமிசம்பா அது!" உங்களில் யாரோ ஒருத்தி உள்ளே, "மாமாவுக்கு அத்தைகிட்ட நல்ல திட்டு விழுந்திருக்கும்டி" என்றாள். எல்லாரும் சிரித்தீர்கள். எனக்குக் கேட்டது.

திட்டு ஒன்றும் விழவில்லை. ஏன் அணைத்தேன் என்று அப்போது சொல்ல வரவில்லை. பேசினால் கோபமாகத்தான் வந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்த படத்தை நான் உங்கள் வயசுக்கும் முன்னாலேயே பார்த்தவன். என் வயசுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், பெயரைச் சொல்லாமலே எந்தப் படம் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வெளிநாட்டுப் படம், தமிழ் பேச வைத்தது. தடிக் கண்ணாடி போட்ட ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் தோழிகள் சேர்ந்து அவள் முடியை வெட்டி, புருவத்தைத் திருத்தி, நல்ல சட்டை போட்டுவிட்டு, கடைசியில் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். அவள் மாடிப்படியில் இறங்கி வருகிறாள். கீழே நிற்கிற அத்தனை பேருக்கும் வாய் மூடவில்லை. எங்கள் ஊரில் அதற்குக் 'கண்ணாடிக்காரி படம்' என்று பெயர்.

எங்கள் ஊர் ஏரலுக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி இருந்தது. சுற்றிலும் வாழைத்தோட்டம். டி.வி. இருந்தது எட்டு வீட்டில். கேபிள் இழுத்திருந்த அண்ணாச்சி மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு படம் போடுவார். எந்தப் படம் என்பதைப் பெண்கள்தான் முடிவு செய்வார்கள். அவர் சைக்கிளில் கம்பிச் சுருளோடு தெருவில் வந்தால் மறித்துக்கொள்வார்கள்.

"அண்ணாச்சி, இன்னிக்குக் கண்ணாடிக்காரியப் போடுங்க."

"போன வாரம்தானம்மா போட்டேன்."

"போன வாரம் எங்க வீட்டுல விருந்தாடி வந்துட்டாவ. பாதிதான் பாத்தேன்."

"எல்லாருமே பாதிதானம்மா பாக்கியோ" என்பார் அவர். அது உண்மை. அவரிடம் இருந்த கேசட்டில் படத்தின் கடைசிப் பகுதி இல்லை. அவருடைய கொழுந்தியாள் மகளுக்குச் சடங்கு வைத்தபோது வீடியோக்காரரிடம் புதுக் கேசட் தீர்ந்துபோய், இதை எடுத்துக் கொடுத்துவிட்டார். கதாநாயகி படியிறங்கி வந்து, பள்ளிக்கூட விழாவில் ஆடி, எல்லாரும் கைதட்டுகிற நேரத்தில் திரையில் கோடு ஓடும். உடனே ஒரு பந்தலில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து சாம்பார் வாங்கிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் அதையும் எழுந்திருக்காமல் பார்ப்போம். யார் யார் எந்தச் சேலையில் வந்திருந்தார்கள் என்று பேச்சு நடக்கும். படத்துக்கு ஒரு முடிவு இருக்கும் என்ற யோசனையே எங்களில் ஒருவருக்கும் வந்ததில்லை. அழகாகிவிட்டாள், கைதட்டிவிட்டார்கள், சாப்பாடும் போட்டாயிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பார்க்கிற கூட்டத்தில் நடுநாயகமாக இருப்பவள் என் அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் டி.வி. முன்னால் வெற்றிலையோடு உட்கார்ந்துவிடுவாள். கதாநாயகி படியிறங்கும்போது மட்டும் மெல்லுவதை நிறுத்துவாள். ஒரு நாள் அந்த இடத்தில் எங்கள் அம்மாவைத் தோளில் தட்டிச் சொன்னாள்:

"மதினி, கண்ணாடியக் கழத்திட்டுத்தான இறங்குதா? ஒரு படி தப்புச்சா பாரு. தப்பலல்லா? அப்போ அவளுக்குக் கண்ணு தெரியுது. இத்தன நாளும் சும்மா மாட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கா. எல்லாம் பழக்கந்தான். கழத்திப் போட்டா கண்ணு தானா வழிக்கு வந்துரும்."

அம்மா திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

என் அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. எட்டாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. அதற்கு முன்னால் நாலு வருஷம் கரும்பலகை தெரியாமலே படித்திருக்கிறாள், வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஊருக்கு வந்த கண் முகாமில்தான் கண்டுபிடித்தார்கள். காப்பிக்கொட்டை நிறத்தில் பிளாஸ்டிக் சட்டம். காதில் மாட்டும் ஒரு பக்கத்துக் கை உடைந்து, அப்பா ஊசியைச் சூடாக்கி உருக்கி ஒட்டியிருந்தார். அந்த இடம் அவள் காதுக்கு மேலே உரசி உரசிச் சின்னதாகக் கறுத்திருந்தது. தெருவில் பையன்கள் 'சோடாபுட்டி' என்பார்கள். "ஆமாலே, ஒடச்சிக் குடி" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

அவள் ஏரலில் டைப்ரைட்டிங் படித்தாள். லோயர் பரீட்சையில் முதல் வகுப்பு. ஹையர் எழுதிவிட்டால் அரசாங்க வேலைக்குப் போடலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வீட்டில் மிஷின் கிடையாது. சாப்பிடுகிற தட்டின் விளிம்பில் கூட அவள் விரல்கள் அடித்துக்கொண்டிருக்கும். சாயங்காலம் வரும்போது ரிப்பன் மையும் எண்ணெயும் கலந்த ஒரு வாசனை அவளோடு வரும். எனக்கு அது பிடிக்கும். ஹையர் பரீட்சை தை மாதம் ஒரு சனிக்கிழமை என்று முடிவாயிற்று.

அந்த வாரத்திலேயே, வியாழக்கிழமை, பெண் பார்க்க வருவதாக ஒரு வீட்டார் சொல்லியனுப்பினார்கள்.

"கண்ணாடி போட்ட பிள்ளைன்னு சொல்லிட்டியளா?" என்று அக்கா கேட்டாள்.

"ஏட்டி, அத எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அத்தை. "கழத்திட்டு வந்து காப்பியக் குடு. பொறவு போட்டுக்கோ."

"காப்பியக் குடுக்க கால் மணி நேரம் கழத்துதேன். அதுக்கு மேல கேக்காதீய. சனிக்கிழம எனக்குப் பரீச்ச."

அத்தோடு விட்டிருந்தால் ஒன்றும் இல்லை. அத்தை விடவில்லை. நந்தியாவட்டைப் பூவைப் பறித்து வந்து கண்ணில் ஒற்றச் சொன்னாள். பொன்னாங்கண்ணிக் கீரையை மூன்று வேளையும் சமைக்க வைத்தாள். "இந்த ஒரு வாரம் கண்ணாடி இல்லாம இருந்து பாரேன்" என்று நாள் முழுக்க நச்சரித்தாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டவன் நான்.

எனக்குப் பதினோரு வயது. அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. படியிறங்குகிற இடம் வந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். என் அக்காவும் அப்படி ஒரு நாள் இறங்கி வர வேண்டும், சோடாபுட்டி என்று சொன்ன அத்தனை பேரும் வாயைப் பிளக்க வேண்டும். அவள் மட்டும் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. ஒரே ஒரு நாள் கண்ணாடி இல்லாமல் இருந்தால் கண் பழகிவிடும், அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

புதன்கிழமை காலையில் அவள் ஆற்றுக்குக் குளிக்கப் போனாள். கண்ணாடியைக் கழற்றிச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில், துண்டுக்கு அடியில் வைப்பாள். அவள் முங்கியதும் எடுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் வாழைத்தோட்டத்துக்கு வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாயும் இடத்தில் ஒரு குழாய் மடை இருந்தது. எங்கள் முறை வருவதற்கு இன்னும் நாலு நாள் இருந்ததால் காய்ந்து கிடந்தது. கண்ணாடியை வாழைச் சருகில் சுற்றி, கை போகிற தூரத்துக்கு உள்ளே தள்ளிவைத்தேன். மறுநாள் பெண் பார்த்துவிட்டுப் போனதும் எடுத்துக் கொடுத்துவிடலாம்.

திரும்பி வந்தபோது அக்கா ஈரச்சேலையோடு தண்ணீரில் நின்று தேடிக்கொண்டிருந்தாள். எழும்பி வரும்போது துண்டை இழுத்ததில் ஆற்றுக்குள் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து, கையால் அடிமணலைத் துழாவி, ஒவ்வொரு கல்லாக எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் போட்டாள். துவைத்துக்கொண்டிருந்த பெண்களும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். அதைத்தான் இப்போது நினைத்தாலும் தாங்க முடியவில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே நானும் ஆற்றுக்குள் கையை விட்டுத் தேடினேன். அவள் அழுவதைப் பார்த்து நானும் அழுதேன். சொல்லத்தான் இல்லை. ஒரு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டில் அப்பா, "கவனம் வேண்டாமா பிள்ளைக்கு?" என்று மட்டும் சொன்னார். அத்தை முகத்தில் சிரிப்பை மறைக்க முடியவில்லை. "போனது நல்லதுக்குன்னு நெனச்சுக்கோ மக்கா."

வியாழக்கிழமை வந்தவர்கள் ஆறு பேர். அக்கா பச்சைப் பட்டில், தலை நிறையப் பிச்சிப் பூவோடு, காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு பைய நடந்து வந்தாள். எங்கள் வீட்டில் மாடிப்படி கிடையாது. அறைக்கும் முன்னறைக்கும் நடுவில் ஒரு வாசற்படிதான். அதைக் காலால் தடவித் தாண்டினாள். மாப்பிள்ளை யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். கண்ணாடி இல்லாதவர்கள் அப்படிப் பார்த்தால் எதிரில் இருப்பவருக்கு எப்படி இருக்கும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போனவர்கள் தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள்: "பொண்ணு லெச்சணமாத்தான் இருக்கு. ஆனா கோவம் சாஸ்தி போலுக்கே. வந்த ஆளுவள எல்லாம் முறைக்கில்லா செய்யுது."

 அந்தச் சொல் வந்தபோது நான் வீட்டில் இல்லை. அவர்கள் கார் திரும்பியதுமே மடைக்கு ஓடிவிட்டேன். மடையில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. மேல்தோட்டத்துக்காரருக்கு வாழை காய்கிறது என்று, முறையை மாற்றி, எங்கள் மடையையும் சேர்த்து முந்தின நாளே திறந்துவிட்டிருந்தார்கள். நான்கு பாத்தி தள்ளிச் சருகு மட்டும் கிடைத்தது. சேற்றில் இருட்டுகிற வரைக்கும் மிதித்து மிதித்துப் பார்த்தேன். என்னைத் தேடி வந்தவளும் அக்காதான். வாழை மரங்களுக்கு நடுவில் கையை நீட்டிக்கொண்டு, "லே, எங்கன நிக்க? சத்தம் குடுலே" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். நான் சத்தம் கொடுத்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அவளுடைய பவருக்குக் கண்ணாடி மதுரையிலிருந்து வர வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்று திருநெல்வேலிக் கடைக்காரர் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

"டைப்பு அடிக்க எதுக்குட்டி கண்ணு?" என்று கேட்டாள் அத்தை. "எழுத்தப் பாக்காம அடிக்கணும்னுதான ஒங்க மாஸ்டர் சொல்லுதாரு? நீயே எத்தன தடவ கண்ண மூடிக்கிட்டு அடிச்சுக் காட்டிருக்க!"

வீட்டில் எல்லாருக்கும் அது நியாயமாகத் தோன்றியது. அப்பாவுக்கும். அக்கா ஒரு மாதிரி சிரித்தாள்.

"விரலுக்குக் கண்ணு வேண்டாம் அத்த. பக்கத்துல ஒரு தாள் வச்சிருப்பாவ. அதுல என்ன எழுதியிருக்குன்னு யாரு பாத்துச் சொல்லுவா?"

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பரீட்சை. அப்பாவோடு நானும் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் நாற்பது மிஷினும் ஒன்றாகத் தொடங்கின, தகரக்கூரையில் மழை விழுகிற மாதிரி. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை லேசாகப் பக்கவாட்டில் திருப்பி, தாளைப் பார்த்தபடி அடித்தார்கள். அக்கா மட்டும் குனிந்தாள். மூக்கு தாளில் படுகிற அளவுக்குக் குனிந்து ஒரு வரியைப் படித்து மனசில் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து, படபடவென்று அடித்தாள். அடிக்கும்போது அந்த அறையில் அவள்தான் வேகம். மறுபடியும் குனிந்தாள். நிமிர்ந்தாள். குனிந்தாள். கோழி கொத்துகிற மாதிரி இருந்தது. பின்வரிசையில் ஒரு பையன் சிரித்தான். பத்து நிமிஷம்தான் அந்தப் பரீட்சை. மணி அடித்தபோது அவள் பாதித் தாளைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தாள்.

தேறவில்லை. பத்து நாள் கழித்துப் புதுக் கண்ணாடி வந்தது. ஆறு மாதத்தில் அடுத்த பரீட்சையும் வந்தது. அவள் போகவில்லை. மாஸ்டர் வீட்டுக்கே வந்து கேட்டார். "எனக்கு இஷ்டமில்ல சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். படிப்பு அவ்வளவுதான் போல என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். அப்பாவும் அத்தையும் கடைசிவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு வருஷம் கழித்துக் கண்ணாடியோடே பார்த்து, கண்ணாடியோடே ஒருவர் கட்டிக்கொண்டு போனார். நல்ல மனிதர். அதில் குறையில்லை.

இப்போது பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அக்கா மனு டைப் அடிக்கிறாள். தமிழும் அடிப்பாள், ஆங்கிலமும் அடிப்பாள். அரசாங்க ஆபீசிலிருந்தே இவளிடம் கொண்டுவந்து அடித்து வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அங்கே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டியவள் என்று, அந்தத் தெருவில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஆனால் பிள்ளைகளே, இதையும் சொல்ல வேண்டும். அந்தப் படம் டி.வி.யில் எப்போது வந்தாலும் அக்கா பார்ப்பாள். வேலையைப் போட்டுவிட்டு உட்காருவாள். ஒரு தடவை எனக்குத் தாங்கவில்லை. "இத இன்னுமா பாக்க?" என்று கேட்டேன்.

"அந்த நாலு நிமிசம் பாக்கதுக்கு நல்லா இருக்குல்லாலே" என்றாள். "யாரும் பாக்காத ஒரு பிள்ளைய எல்லாரும் பாக்காவ. அவ்வளவுதான். அதுக்கு மேல யோசிச்சா படம் பாக்க முடியுமா?"

அவள் சொன்னது சரிதான். அதனால்தான் நாங்கள் பார்த்தோம், அதனால்தான் நீங்களும் பார்க்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? அந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது. அதுதான் எனக்கு ஆத்திரம். இவ்வளவு நடந்த பிறகும் படபடக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே வந்தபோது, நீங்கள் படத்தின் கடைசிப் பகுதியில் இருந்தீர்கள். எங்கள் கேசட்டில் சாம்பார் ஊற்றிய பகுதி. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பார்த்தேன். டி.வி.யில் வரும்போதெல்லாம் படியிறங்கும் இடத்தோடு நான் எழுந்து போய்விடுவது வழக்கம். அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கி, கைப்பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறாள். "எனக்கு உங்க யாரோட முகமும் தெரியல. இப்பதான் தெரியுது" என்கிறாள். நீங்கள் கைதட்டினீர்கள். நான் அணைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அக்காவின் கடைக்குப் போனேன். ஒரு பெரியவர் பட்டா மனுவோடு உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டே, அன்றைக்குக் கண்ணாடியை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன். அக்கா அடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு பத்தி முடியும் வரை அடித்தாள். அப்புறம்தான் கையை எடுத்தாள்.

"எங்க வச்ச?"

"மடக்குள்ள."

"தண்ணி வந்துட்டோ?"

"ஆமாக்கா."



"நீயும் ஆத்துல எறங்கித் தேடுனியலே. நெஞ்சளவு தண்ணில நின்னு அழுத. எனக்காக இந்தப் பய இப்பிடி அழுதானேன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு அலைஞ்சேன்."

விசைப்பலகையை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

"மாஸ்டர் வந்து கூப்புட்டப்ப ஏன் போகல தெரியுமா? தொலச்சது நாந்தான. என் கவனக்கேட்டுக்கு அப்பா ஒரு தடவ அலைஞ்சாச்சு. இன்னொரு தடவ எழுதுதேன்னு கேக்க எனக்கு வாய் வரல. அன்னிக்கே சொல்லியிருந்தியன்னா, ஒன்ன நாலு சாத்துச் சாத்திட்டு அடுத்த பரீச்சைக்குப் போயிருப்பேன்லே."

"சின்னப் பயக்கா நான். பயந்துட்டேன்."

"பதினோரு வயசுல சின்னப் பய. சரி. இருவது வயசுல? என் கல்யாணத்துல? ஒன் கல்யாணத்துல?"

பெரியவர் மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"எதுக்குலே எடுத்த?"

"நீ அழகா இருக்கணும்னுதாங்க்கா."

அவள் கண்ணாடிக்குள்ளிருந்து என்னை நேராகப் பார்த்தாள். "அந்த வியாழக்கிழம நான் என்னைய பாக்கல. செவத்துக் கண்ணாடில பாத்தாலும் தெரியாது. நீ பாத்தேல்லா? அழகா இருந்தனா?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. பச்சைப் பட்டும், பிச்சிப் பூவும், இடுக்கிய கண்ணும், வாசற்படியைத் தடவிய காலும் அப்படியே நினைவில் இருந்தன.

"இல்லக்கா" என்றேன். "பயந்த மாதிரி இருந்த."

அக்கா தலையை ஆட்டினாள்.

"அவ்வளவும் போனதுக்கு, அழகாவாச்சும் இருந்திருக்கலாம்" என்றாள். சிரிக்கவில்லை. வெளியே எட்டிப் பார்த்து, "ஐயா, உள்ள வாங்க. சர்வே நம்பரச் சொல்லுங்க" என்று கூப்பிட்டாள். பெரியவர் சொல்லச் சொல்ல அடித்தாள். நான் அவள் சாப்பாட்டு நேரம் வரைக்கும் அங்கேயே நின்றேன். அவள் நிமிரவில்லை.